போர்டில் எழுத்து தெரிகிறது, ரோட்டில் ஆள் தெரியவில்லை

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 43 வயது. பள்ளிகொண்டா பக்கம் ஊர். சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறேன். வாரத்தில் நாலைந்து நாள் விடிகாலை 3 மணிக்குத் தேங்காயோ காய்கறியோ ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போவேன். ஆறேழு மாதமாக இருட்டில் ஓட்டுவது சிரமமாக இருக்கிறது. எதிரே வரும் ஹெட்லைட் விரிந்து பரவுகிறது, வண்டி கடந்த பிறகும் கொஞ்ச நேரம் ரோடே தெரிவதில்லை. ஓரமாக நடக்கிற ஆள் கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறார். போன மாதம் வாலாஜா தாண்டி ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். கண்ணாடிக் கடையில் சோதித்தபோது இரண்டு கண்ணிலும் 6/9 வந்தது. லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டும் கடைசி வரி படிக்க வரவில்லை. "வயசுக்குப் பரவாயில்லை" என்று படிக்கிற கண்ணாடி மட்டும் கொடுத்தார்கள். ராத்திரி ஒரு குவார்ட்டர் சாப்பிடுவேன், ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி ஆகும். டாஸ்மாக் லீவு நாளில் கிடைத்ததைக் குடிப்பதும் உண்டு. ஆனால் வண்டியில் ஏறும்போது குடித்ததே இல்லை. மனைவி எல்லாம் குடியால்தான் என்கிறாள். கூட ஓட்டும் அண்ணன் ஒருவர், கொஞ்சம் போட்டால்தான் ராத்திரியில் கண் பளிச்சென்று தெரியும் என்கிறார். மெடிக்கலில் சொல்லி வைட்டமின் ஏ மாத்திரை இரண்டு மாதமாகப் போடுகிறேன். போன வாரம் டீக்கடையில் 20 ரூபாய் என்று நினைத்து 200 ரூபாயை நீட்டிவிட்டேன், அவ்வளவு தூக்கக் கலக்கம். நைட் டிரைவிங்குக்கு மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பெரிதாக எழுதியிருப்பது ஹெட்லைட்டைப் பற்றி. எனக்கு அதைவிடக் கவலை தந்தது, போகிற போக்கில் சொன்ன அந்த 200 ரூபாய் நோட்டு. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், வண்டியில் ஏறும்போது குடித்ததே இல்லை என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதாவது சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 77 மில்லி, எடையில் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் எடையை எழுதவில்லை, 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவும் ரத்தத்தில் கலந்தால் 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 135 மில்லிகிராம் வரும். கல்லீரல் அதை மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம்தான் கழிக்கும். ராத்திரி 9 மணிக்குக் குடித்துப் படுத்து, 3 மணிக்குச் சாவியைத் திருகுகிறீர்கள். ஆறு மணி நேரத்தில் கழிந்தது 90. மீதி 45. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு அனுமதிக்கும் அளவு 30.

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் உச்ச அளவு கொஞ்சம் குறையும். நெடுநாள் பழகிய உடம்பு கொஞ்சம் வேகமாகவும் கழிக்கும். ஆளுக்கு ஆள் மாறுகிற கணக்கு இது, அதனால் உங்கள் ரத்தத்தில் சரியாக 45 இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தூங்கி எழுந்துவிட்டால் இறங்கிவிட்டது என்கிற நினைப்பு தவறு. தூக்கமோ, கட்டங்காபியோ, மோரோ, எலுமிச்சம் பழமோ, பச்சைத் தண்ணீர்க் குளியலோ கல்லீரலை அவசரப்படுத்தாது. வழியில் டியூப்பை நீட்டி ஊதச் சொன்னால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். "பீர்தானே" என்று மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு அது.

சரி, இந்த மிச்சம் கண்ணை என்ன செய்கிறது? கண்ணாடிக் கடையில் உங்களுக்குக் காட்டியது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. நல்ல வெளிச்சம், அசையாத எழுத்து, அவசரம் இல்லை. கொஞ்சம் குடித்தவர்கூட அந்தப் போர்டை ஏறக்குறைய சரியாகப் படித்துவிடுவார். வாலாஜா தாண்டி விடிகாலை 4 மணிக்கு உங்கள் முன்னால் இருப்பது வேறு விஷயம்: சாம்பல் நிற ரோட்டில் அழுக்கு வெள்ளை வேட்டி, ரிஃப்ளெக்டர் உடைந்த சைக்கிள். வெளிறியதற்கும் கறுத்ததற்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பிரித்தறியும் திறன்தான் அங்கே வேண்டும். ஆல்கஹால் முதலில் கை வைக்கிற திறன்களில் இதுவும் ஒன்று. போர்டில் அது பதிவே ஆகாது.

எதிர் வண்டியின் வெளிச்சம் அடித்த பிறகு யாருக்குமே சில விநாடி கண் கூசும். குடித்தவருக்கு அந்த மீட்சி தாமதமாகும். கண்பாவை சுருங்கி விரிவதும் மந்தமாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரண்டு விநாடி கூடுதலாகக் கூசினால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். அப்புறம், ஓட்டுநரின் கண் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. கண்ணாடி, ஓரம், எதிர்ப்பக்கம், மீட்டர் என்று தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆல்கஹால் அந்தத் தாவலை மெதுவாக்குகிறது, கவனத்தை நடு ரோட்டிலேயே கட்டிப்போடுகிறது. ஓரத்து ஆள் விழித்திரையில் விழுந்தாலும் மூளை அவரை எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு கண்ணும் ஒரே புள்ளியில் சேர்ந்து நிற்பதும் தளரும். அளவு கூடக் கூட ஒரு வண்டியின் விளக்கே நாலாகத் தெரிவது இதனால்தான். கண்ணீர்ப் படலமும் கலைவதால் விளக்கைச் சுற்றி வளையம் பெரிதாகிறது.

உங்கள் சக ஓட்டுநர் அண்ணன் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே பளிச்சென்று தோன்றும். பார்வையோடு சேர்த்து, பார்வை குறைந்திருப்பதை உணரும் புத்தியையும் ஆல்கஹால் மங்கச் செய்கிறது. அதனால் கண் கூர்மையாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இதுவரை சொன்னது அன்றன்றைக்கு வந்து போகிற பாதிப்பு. உங்களுக்கு ஆறேழு மாதமாகக் கூடிக்கொண்டே வருகிறது. அதனால் இன்னும் உள்ளே பார்க்க வேண்டியிருக்கிறது.

மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு விழித்திரையில் குச்சி செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டதும் சிதைந்து, இருட்டில் மறுபடி உருவாகும். அது முழுதாக உருவாக அரை மணி நேரம் ஆகும். அதற்கு வைட்டமின் ஏ வேண்டும். உடம்பின் வைட்டமின் ஏ கையிருப்பில் பெரும்பகுதி கல்லீரலில்தான் இருக்கிறது. தினக் குடியால் கல்லீரல் கெடும்போது கையிருப்பும் கரைகிறது, இருப்பதைக் கண்ணுக்கு அனுப்புவதும் தடைப்படுகிறது. போதாக்குறைக்கு, வைட்டமின் ஏ-யைக் கண்ணுக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றுகிற அதே வகை நொதிதான் ஆல்கஹாலையும் உடைக்கிறது. சரக்கு உள்ளே இருக்கும் வரை வைட்டமின் ஏ வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். குடிப்பவர்களுக்குத் துத்தநாகச் சத்தும் குறையும், அதுவும் இந்த வேலைக்குத் தேவையானது. கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு மாலைக்கண் வருவது இப்படித்தான்.

அப்படியானால் மாத்திரை போடுவது சரிதானே என்று கேட்பீர்கள். இல்லை, அதை இன்றே நிறுத்துங்கள். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் அதுவே கல்லீரலுக்கு விஷம், ஆல்கஹாலோடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த அளவுக்கு, அந்த நாட்களுக்கு மட்டும். முருங்கைக்கீரைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. களியோடு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

இப்போது அந்த நோட்டு. புது 20 ரூபாய் பச்சை கலந்த மஞ்சள், 200 ரூபாய் பளிச்சென்ற மஞ்சள். தூக்கக் கலக்கத்தில் மாறுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் லென்ஸ் மாற்றியும் இரண்டு கண்ணிலும் 6/9-க்கு மேல் வரவில்லை என்பதையும், குவார்ட்டரையும், பீடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கண் டாக்டருக்கு வேறொன்று தோன்றும். பார்வை நரம்பு. தினமும் குடித்து, புகைத்து, ராத்திரிச் சாப்பாட்டை சைடு டிஷ்ஷோடு முடித்துக்கொள்கிறவர்களுக்கு பி12, ஃபோலிக் அமிலம், தையமின் போன்ற பி வைட்டமின்கள் தீர்ந்துபோகும். அந்தச் சத்துக் குறைவும், புகையிலை, மதுவின் நச்சும் சேர்ந்து இரண்டு கண்ணின் நரம்பையும் ஒன்றாகத் தாக்கும். வலி இருக்காது, சிவக்காது, நீர் வடியாது. நடுப்பார்வை மெல்ல மங்கும், நிறம் வெளுக்கும், முக்கியமாகச் சிவப்பு. பீடி சுற்றுகிற ஊர்களும் பீடி பிடிக்கிற ஊர்களுமாக இருக்கிற நம் பக்கத்தில் இது அபூர்வமான நோய் இல்லை.

அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தோல் தொழிற்சாலையில் சாயம் போட்ட தோலை நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. சிவப்பு பிரவுனையும் காப்பிக் கலரையும் கலந்து அடுக்கிவிட்டார் என்று மேஸ்திரி திட்டியதால் வந்தார். "மத்தபடி கண்ணு நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். கண்பாவை விரிக்கிற சொட்டு மருந்துப் புட்டிக்குச் சிவப்பு மூடி இருக்கும். அதை நேராகக் காட்டினேன், "காவி" என்றார். அதையே மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினேன், "இப்பதான் சிவப்பா இருக்கு" என்றார். அவர் நடுப்பார்வையில் நிறம் போய் ஓரத்தில் மிச்சமிருந்தது. குடியையும் பீடியையும் விட்டு, பி12 ஊசி போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நாலைந்து மாதத்தில் பார்வை பெரும்பகுதி திரும்பியது. அவர் சீக்கிரம் வந்தவர். நரம்பு வெளுத்த பிறகு வருகிறவர்களுக்கு என்னால் அவ்வளவு செய்ய முடிவதில்லை.

உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து முடிவு கட்ட மாட்டேன். டிபி-க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எதாம்பியூட்டால் என்ற மாத்திரையும் சிலருக்கு இதே நரம்பை இதே மாதிரி பாதிக்கும்.

"கிடைத்ததைக் குடிப்பதும் உண்டு" என்ற வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், இரண்டு கள்ளச்சாராயச் சாவுகளும் நினைவிருக்கும். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. காரணம் மெத்தனால் என்ற விஷச் சாராயம். குடிக்கும்போது வித்தியாசம் தெரியாது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் விஷம் வேலையைத் தொடங்கும், அதற்குப் பாதி நாளிலிருந்து ஒரு நாள் வரைகூட ஆகலாம். கூடவே நல்ல சரக்கும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குவது, அப்புறம் பனிமூட்டத்துக்குள் நிற்பது போன்ற பார்வை. பலர் இதை ஹேங்ஓவர் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள், அந்தத் தூக்கத்திலேயே நரம்பு செத்துப்போகிறது. 10 மில்லி மெத்தனால்கூடக் கண்ணைப் பறிக்கப் போதும். உங்களுக்கோ கூடக் குடித்தவருக்கோ இப்படி வந்தால் உடனே 108. என்ன குடித்தோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. கூடக் குடித்தவர்களையும் தேடிப்பிடித்து அழைத்துப் போங்கள்.

இன்னொரு அவசரம்: குடிக்காத நேரத்திலும் ஒன்று இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம். தையமின் சுத்தமாகத் தீர்ந்தால் மூளையில் வருவது இது. நம் ஊரில் ரெண்டு நாள் தொடர்ந்து குடித்து அசந்துபோனால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. தையமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது இவர்களுக்கு ஆபத்து. தினமும் குடிக்கிறவன் என்று ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரமே கண் மருத்துவமனைக்குப் போங்கள். வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, எது வசதியோ அங்கே. கண்ணாடிக் கடை இதற்குப் போதாது. சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் நரம்பையும் பார்ப்பார்கள், நிறப் பார்வைக்குப் புள்ளிப் படங்களைக் காட்டுவார்கள், பார்வைப் பரப்பைக் கணக்கிடுவார்கள். சர்க்கரை, கல்லீரல், பி12, ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். சொட்டு விட்ட பிறகு சில மணி நேரம் எல்லாம் மங்கலாகக் கூசும், அதனால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். மனைவியையும் அழைத்துப் போனால் நல்லது. "எவ்வளவு குடிப்பீங்க" என்று கேட்டால் ஆண்கள் பாதியாகக் குறைத்துச் சொல்வதும், பக்கத்தில் நிற்கிற மனைவி விரலால் சரியான கணக்கைக் காட்டுவதும் நாங்கள் தினமும் பார்ப்பதுதான். எங்களுக்குச் சரியான கணக்குதான் வேண்டும், திட்ட மாட்டோம்.

எல்லாவற்றையும் மதுவின் தலையிலேயே கட்டிவிடவும் கூடாது. தொடக்க நிலைக் கண்புரைக்கும் ஹெட்லைட் பரவும், சர்க்கரை விழித்திரையைக் கெடுத்திருக்கலாம். உங்கள் அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா, குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயதிலிருந்தே மாலைக்கண் உண்டா என்றும் டாக்டர் கேட்பார். பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக இருக்கும்.

மனைவி சொல்வதைக் கேட்டு நாளைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று தோன்றினால், ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம்கூட வரலாம். மருந்தின் துணையோடு நிறுத்தினால் இந்தத் தொந்தரவு பெரிதாகாது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ 14416 மனநல உதவி எண்ணுக்கோ போன் போடலாம், இரண்டும் இலவசம். பீடியை நிறுத்த எந்தத் தயக்கமும் வேண்டாம், இன்றைக்கே விடலாம்.

பரிசோதனை முடிவு வரும் வரை விடிகாலை லோடுக்கு வேறு டிரைவரைப் போடுங்கள். வருமானம் போகும், தெரியும். பகல் லோடாக மாற்ற முடிந்தால் பாருங்கள், அதுவும் முந்தின ராத்திரி குடிக்காமல் இருந்தால் மட்டும்.

மஞ்சள் கண்ணாடி வாங்க வேண்டாம். அது எதிர் வெளிச்சத்தோடு சேர்த்து ரோட்டோரத்து ஆளிடமிருந்து வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் குறைத்துவிடும். அந்தக் காசுக்கு வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். ஒரு கட்டு பீடியில் பாதியாவது வண்டிக்குள்தான் பிடித்திருப்பீர்கள். முன் கண்ணாடியின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, துணியைப் பாருங்கள். பழுப்பாக வரும் அந்தப் புகைப் படலமும் ஹெட்லைட்டை விரித்துக் காட்டுகிற ஒன்றுதான்.